அழுத்தாத கை

“பாட்டில் தண்ணி முழுக்கக் குடிச்சீங்களா?” என்று ஆயா கேட்பதும், “குடிச்சாச்சும்மா, இதுக்கு மேல அடக்க முடியாது” என்று அக்கா பதில் சொல்வதும் கதவுக்கு உள்ளே சின்னவளுக்குக் கேட்டது. முந்தைய நோயாளியின் வயிற்றில் வைத்து ஸ்கேன் எடுத்த ப்ரோபை அவள் அப்போது துடைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் காதில் விழுகிற கேள்வி என்பதால் முதலில் எதுவும் தோன்றவில்லை. துணியை மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது. அக்கா வந்திருப்பது கைவிரலை ஸ்கேன் எடுக்க.

கதவைத் திறந்தாள். பெஞ்சின் நுனியில் அக்கா கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பையை விரலால் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் மாட்டி மார்போடு அணைத்திருந்தாள்.

“கைக்கு ஸ்கேன் எடுக்க எதுக்குத் தண்ணி?”

“சீட்டுல ஸ்கேன்னு போட்டிருந்துச்சு டாக்டரம்மா. ஸ்கேன்னா தண்ணிதானே?” ஆயா கொஞ்சமும் அசரவில்லை. “குடிச்சா என்ன, உடம்புக்கு நல்லதுதான்.”

“முதல்ல போயிட்டு வாங்கக்கா.”

அக்கா எழுந்தாள். உள்ளங்கையை ஊன்றாமல் முன்னங்கையைப் பெஞ்சின் மேல் கிடத்தி, அதன் பலத்தில் எழுந்தாள். “நான் அப்பவே கேட்டேன், விரலுக்குள்ளயா மூத்திரப்பை இருக்குன்னு. பேசாம குடிங்கன்னு அதட்டுறா” என்று சொல்லிவிட்டு நடந்தாள். பாதி நடை, பாதி ஓட்டம். ஆயா சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அந்த வீட்டின் சின்ன மருமகள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சின்னவள்தான். அக்கா என்பது அவளுடைய கணவனின் அக்கா. கல்யாணமான புதிதில் கணவன் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்று ஆரம்பித்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. கணவன்.

“பாத்துட்டியா?”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“அண்ணன் போன் மேல போன் பண்றான். என்ன சொல்றது?”

“இன்னும் ஆரம்பிக்கலன்னு சொல்லுங்க.”

“ஏன் எரிஞ்சு விழற? உள்ளது எதுவோ அதைச் சொல்லு, போதும்.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆனா நம்ம வீட்டையும் யோசிச்சுக்கோ. அப்பா இங்க வந்தா பகல்ல யார் பாக்குறது? எனக்கு லீவு கிடைக்காது, உனக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும். அவன் சொல்லாமல் விட்டதும் தெரியும். பகலில் யார் பார்ப்பது என்பதில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. கேள்வியாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

மாமனார் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். கணவன் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், பிள்ளை கிடையாது. “அவளுக்கும் ஒரு துணையாச்சு” என்று தம்பிகள் இருவரும் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டார்கள். துணை நல்ல கனமான மனிதர். அவரைப் படுக்கையில் புரட்ட வேண்டும், அக்குளில் கைகொடுத்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், மறுபடி தூக்கிக் கிடத்த வேண்டும். ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்களில் ஒருவரைக்கூட அவர் தொட விடவில்லை. வராத வாயை வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். ஆட்கள் வராமல் நின்றுவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் அக்கா, காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது என்றாள். துணி பிழிய வரவில்லை என்றாள். டப்பா மூடியைப் பல்லால் திறப்பதைச் சின்னவளே பார்த்திருக்கிறாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சரி. “ரிப்போர்ட்டெல்லாம் தங்கமா இருக்கு, கை மட்டும் வலிக்குதாம்” என்றார் பெரியவர், கணவனின் அண்ணன். “எனக்கும்தான் உடம்பெல்லாம் வலிக்குது, நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?” என்றாள் அவருடைய மனைவி. அதன்பிறகு அக்கா கையை உதறினாலே அந்த வீட்டில் யாராவது ஒருவர், “நாடகம் ஆரம்பிச்சாச்சு” என்பார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் சின்னவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மூட்டு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனது அவள்தான். ரத்தத்தில் எதுவும் காட்டாமலே முடக்குவாதம் மூட்டுக்குள் இருக்கலாம் என்றார் அவர். ஸ்கேனில் மூட்டின் உள்சவ்வில் ரத்த ஓட்டம் கலராகத் தெரிந்தால் வீக்கம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே மருந்தை ஆரம்பித்துவிடலாம். தெரியாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். “நான் பாக்கிறது சரியில்ல சார், சொந்தக்காரங்க” என்றாள். “வேற யாரு இருக்கா? இந்தக் கட்டடத்துலயே மூட்டு ஸ்கேன் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். அதுவும் அரைகுறை” என்று அவர் சிரித்தார். பொய்யில்லை. வயிறும் கர்ப்பமும் பார்த்துப் பழகிய கை அது. மூட்டுக்கென்று இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்திருந்தாள்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் எல்லோரும் கூடிப் பேசினார்கள். ஸ்கேனில் நோய் இருந்தால் அப்பாவைச் சின்ன மகன் வீட்டுக்கு மாற்றுவது. பெரியவர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த லிஃப்ட் இல்லாததைப் பற்றி அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அன்றுதான் கேட்டார்கள். “டாக்டர் வீடு, மாமாவுக்கும் நல்லது” என்றாள் பெரிய மருமகள். நோய் இல்லையென்றால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னவள் தட்டில் வைத்த பிஸ்கட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் மறுநாள் பாத்திரம் கழுவும்போதுதான் வரிசையாக, திருத்தமாக, பதில் சொல்ல ஆளில்லாமல் வந்தது. உங்க அப்பாதானே? ஆளுக்கு ஒரு வாரம் வந்து தூக்கினா என்ன? ரெண்டு பேருக்கும் கை நல்லாத்தானே இருக்கு? குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

அக்கா திரும்பி வந்தாள். “அப்பாடா, இப்பத்தான் உசிரு வந்துச்சு” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே சின்ன மேசை. சின்னவள் துண்டை விரித்தாள். அக்கா வலது கையை அதன்மேல், கடையில் எடை போடக் கொடுப்பதுபோல் வைத்தாள். விரல்களின் அடிமூட்டுகளில் மேடுபள்ளம் மறைந்து ஒரே மட்டமாக இருந்தது. மோதிர விரலில் மோதிரம் இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு வெளிர் வளையம் மட்டும் இருந்தது.

“கையப் பாத்து நல்ல சேதியா சொல்லு. வெளிநாட்டுப் பயணம் இருக்கா?”

“பேசாம இருங்கக்கா. அசையக் கூடாது.”

ஜெல்லைப் பிதுக்கினாள். அறை விளக்கைக் குறைத்தாள். சுட்டுவிரலின் அடிமூட்டில் ப்ரோபை வைத்ததும் திரையில் இரண்டு எலும்பு விளிம்புகள் வெள்ளைக் கோடுகளாக எழுந்தன; நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல் கொஞ்சம் தடித்த சாம்பல் நிறம். தடிப்பு மட்டும் இருந்தால் போதாது, அது எப்போதோ வந்து ஓய்ந்ததாகவும் இருக்கலாம். கலர் பொத்தானைத் தட்டினாள். பள்ளத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி விழுந்தது. பெட்டிக்குள் எதுவும் இல்லை. நடுவிரல், எதுவும் இல்லை. மணிக்கட்டுக்கு வந்தாள். ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி மின்னி மறைந்ததுபோல் இருந்தது. மறுபடி பார்த்தபோது காணோம். கறுப்பு.

மூச்சை விட்டாள். விட்ட பிறகுதான், அது நிம்மதியில் விட்ட மூச்சு என்று தெரிந்தது. அடுத்த வாரமும் வேலைக்கு வரலாம். நடுக்கூடத்தில் கட்டில் வராது.

அந்த எண்ணத்தோடு குனிந்தபோது தன் கட்டைவிரல் நகம் கண்ணில் பட்டது. அது வெளுத்திருந்தது. ப்ரோபை இழுத்துப் பிடித்திருந்த விரல்கள் எல்லாமே வெளுத்திருந்தன. கையை எடுத்தாள். அக்காவின் மணிக்கட்டில் நீளமாக ஒரு தடம் பதிந்திருந்தது, நனைந்த மணலில் குச்சி வைத்து எடுத்த மாதிரி.

வயிற்றில் அழுத்தினால்தான் தெரியும். மூட்டில் அழுத்தினால் போய்விடும். வகுப்பில் முதல் நாளே செய்து காட்டினார்கள். வீங்கிய ஒரு கையில் லேசாக ப்ரோபை வைத்தபோது திரையில் கலர் பூத்தது. பாடம் எடுத்தவர் தன் கையைக் கொஞ்சம் கனக்கவிட்டதும் அடுப்பை அணைத்த மாதிரி போயிற்று. அந்த ரத்தக் குழாய்கள் அத்தனை மெல்லியவை, ஒரு கையின் சாதாரண எடையே அவற்றை மூடிவிடும். அன்று அவளும் முறைபோட்டுச் செய்து பார்த்தாள். இன்று மறந்துவிட்டதா, மறக்கட்டும் என்று விட்டுவிட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. பழக்கம் என்றால் பழக்கம்தான். யார் கேட்டாலும் அதைச் சொல்லலாம். யாரும் கேட்கவும் மாட்டார்கள். எவ்வளவு அழுத்தினாள் என்பது படத்தில் பதிவதில்லை.

“ஒண்ணும் இல்லையா?” என்றாள் அக்கா. திரையைப் பார்க்கவில்லை, சின்னவளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னும் முடியலக்கா.”

“காலையில ஒரு மாத்திரை போட்டுட்டேன். வலி மாத்திரை.”

“போடாதீங்கன்னு சொன்னேன்ல? ரெண்டு நாள் நிறுத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அதைப் போட்டா வீக்கம் அமுங்கும், இங்க ஒண்ணும் தெரியாது. அப்புறம் எதுக்கு ஸ்கேன்?”

“நேத்து வரைக்கும் போடல. காலையில அப்பா பெட்டெல்லாம் நனைச்சுட்டார். போடாம எப்படித் தூக்குறது? உன் புருஷனும் அவங்க அண்ணனும் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்கப் போறாங்களா?”

சின்னவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். மாத்திரை போட்டவள்மேல், படுத்திருக்கிறவர்மேல், லிஃப்ட் இல்லாத வீட்டின்மேல், யோசிச்சுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன்மேல். எல்லோரும் ஆளுக்கொரு கதவாகத் திறந்து அவளைத் தப்பித்துப் போ, போ என்கிறார்கள். இப்போது மாத்திரையும் சேர்ந்துகொண்டது. வலி மாத்திரை எடுத்திருந்ததால் தெளிவாகச் சொல்ல இயலவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அதில் பொய்கூட இல்லை.

“ஒண்ணு சொல்லட்டா சின்னவளே?” அக்கா துண்டின் ஓரத்தை இடது கையால் சரிசெய்தாள். “அப்பாவை நீங்க யாரும் கூட்டிட்டுப் போக வேண்டாம். உன் வீட்டுக்கு வந்தா நீ வேலையை விடணும். எனக்குத் தெரியாதா? அவனுங்க ஆபீசுக்குச் சட்டை மாட்டிட்டுக் கிளம்பிடுவானுங்க. நான் அதுக்காக வரல.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?” குரல் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

“தூக்கத்துல கை வலிச்சு முழிப்பு வருதில்ல, அப்ப யோசிக்கிறேன். நெஜமாவே வலிக்குதா, இல்ல அப்பாவைத் தூக்கப் பிடிக்காம நானே வலிக்குதுன்னு நினைச்சுக்கிறேனா? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கையை நானே நம்ப மாட்டேங்கிறேன், பாரேன்.” சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. “அதை மட்டும் பாத்துச் சொல்லு. இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்னா அதுவும் சரி.”

கேட்டு வாங்க வந்தவளிடம் சண்டை போடலாம். எதுவும் வேண்டாம் என்பவளிடம் என்ன செய்வது? சின்னவள் எழுந்து ஏசியை நிறுத்தினாள். அவ்வளவு நேரம் அக்காவின் கைமேல் நேராகக் குளிர் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அதையும் அவள் பார்க்கவில்லை. துண்டைச் சுருட்டி, மணிக்கட்டு தளர்ந்து கிடக்கிற மாதிரி அடியில் கொடுத்தாள். “கையை விட்டுடுங்க. உங்க கையே இல்லன்னு நினைச்சுக்கோங்க” என்றாள்.

“அப்படித்தான் நினைச்சுட்டு இருக்கேன் பல நாளா.”

கை சூடாகட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா விட்டாள். வெளியே ஆயா வேறு யாரையோ தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மணிக்கட்டின்மேல் குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல் தாராளமாக ஜெல்லைக் குவித்தாள். சுண்டுவிரலை மேசையில் ஊன்றி, தன் கையின் எடை முழுவதையும் அதில் இறக்கினாள். ப்ரோப் தோலைத் தொடவில்லை, ஜெல்லின்மேல் நின்றது.

முதலில் ஒரு புள்ளி. போயிற்று, வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இதயம் துடிக்கிற கணக்கில் அவை வந்து போயின. ப்ரோபை ஒரு மயிரிழை நகர்த்தினாள். எலும்புகளுக்கு நடுவே இருந்த சாம்பல் தடிப்பு முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாகப் பற்றிக்கொண்டது. பெட்டி போதவில்லை. மாத்திரை போட்டிருந்தும், குளிரில் கிடந்திருந்தும் இவ்வளவு. இடது கையை நீட்டி, யோசிப்பதற்குள், படத்தைச் சேமிக்கிற பொத்தானை அழுத்தினாள். அதன்பின் சுட்டுவிரல், நடுவிரல். அங்கேயும் இருந்தது. அங்கேயும் பொத்தானை அழுத்தினாள்.

திரையை அக்காவின் பக்கம் திருப்பினாள்.

“இதுவா?”

“இதுதான்.”

“நான் பாட்டுக்கு இருக்கேன், அது பாட்டுக்கு எரிஞ்சுட்டு இருக்கு.” அக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அழுவாள் என்று சின்னவள் நினைத்தாள். அழவில்லை. காணாமல்போன பொருளை வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்தவளைப்போல் ஒரு சலிப்பு கலந்த சந்தோஷம் முகத்தில் வந்தது. “அப்ப நான் நாடகம் போடல.”

“இல்லக்கா.”

“பெரியவன்கிட்ட இதைப் பெரிசாப் போட்டுக் குடு. ஃப்ரேம் மாட்டி மூணாவது மாடிக்கு நானே தூக்கிட்டுப் போய்க் குடுக்கறேன்.” இப்போது சரியாகச் சிரித்தாள்.

சின்னவள் சிரிக்கவில்லை. படம் இருக்கிறது, அறிக்கை எழுதிவிடலாம், மருந்து ஆரம்பித்துவிடும். அது பிடிக்க மாதங்கள் ஆகும். நாளைக் காலை விடிந்ததும் மாமனாரைப் புரட்ட வேண்டும். இதை யாரிடம் கலர்போட்டுக் காட்டுவது? “நாளைக்கு அவரை யாரு தூக்குவாங்கக்கா?” என்று கேட்டாள். கேட்கும்போதே, அந்தக் கேள்வியையும் தப்பான ஆளிடம்தான் கேட்கிறோம் என்று தெரிந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. திரையிலேயே கண்ணாக இருந்தாள். “ஆமா, நல்ல கை இதுல எப்படி இருக்கும்?” என்றாள். “வித்தியாசம் தெரிஞ்சாத்தானே எனக்குப் புரியும். உன் கையைக் காட்டேன்.”

“வெளிய ஆள் இருக்காங்கக்கா.”

“ஒரு நிமிஷம்தானே.”

சின்னவள் தன் இடது கையைத் துண்டில் வைத்தாள். அக்காவின் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. ஜெல்லை வைத்து, அதே மணிக்கட்டில், அதே இடத்தில் ப்ரோபை நிறுத்தினாள். எலும்புகளின் வெள்ளைக் கோடு வளைந்து வந்தது. நடுவே தடிப்பு எதுவும் இல்லை. நூல் அகலத்துக்கு ஒரு கறுப்பு, அவ்வளவுதான். முன்பே போட்டிருந்த கலர் பெட்டி அதன்மேல் நின்றது.

“அடேயப்பா, எவ்ளோ சுத்தமா இருக்கு!” அக்கா உண்மையாகவே வியந்தாள். “நல்ல கைடி உனக்கு.”

சின்னவள் ப்ரோபை எடுக்கவில்லை. அழுத்திவிட்டோமோ என்று கையைத் தளர்த்தினாள். ஒரு புள்ளியாவது வராதா என்று சுண்டுவிரலை ஊன்றி இன்னும் தளர்த்தினாள். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், பிறகு கட்டைவிரலின் அடி, சுட்டுவிரலின் அடி. அக்கா பக்கத்தில் மூச்சுவிடுவது கேட்டது. ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவில் ஜெல் மட்டும் நூலாக இழுபட்டு நின்றது. பெட்டிக்குள் கறுப்பு அப்படியே இருந்தது.